தி.நகருக்குள் மாம்பலம் எங்கே போயிற்று?

சென்ற இதழில் ஒரு வாசகர், சென்னையில் இருக்கிற மாம்பலம் ரயில் நிலையத்துக்கு ஏன் தி.நகர் என்று பெயர் வைக்கவில்லை என்று கேட்டிருந்தார். "மாம்பலம்தான் பழைய ஊர், தி.நகர் அதற்குப் பிறகு வந்தது" என்று நாலு வரியில் பதில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த இதழ் முழுக்க மாம்பலம்தான். நான் பிறந்து வளர்ந்த ஊர் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே: ரயிலில் போனால் மாம்பலத்தில் இறங்குகிறோம், பஸ்ஸில் போனால் தி.நகரில் இறங்குகிறோம். நடந்து பார்த்தால் இரண்டும் ஒரே இடம். உண்மையில் இவை ஒரே ஊரா, இரண்டு ஊரா? (தாம்பரம் வாசகர்)

ஒரே ஊராக இருந்து இரண்டானது. 1920-களுக்கு முன்பு அங்கே தி.நகர் என்று ஒன்று கிடையாது. மாம்பலம் என்ற கிராமம் இருந்தது, அதுவும் சென்னையில் இல்லை, செங்கற்பட்டு மாவட்டம் சைதாப்பேட்டை தாலுகாவில் இருந்தது. இன்றைக்கு மாம்பலத்துக்காரரிடம் உங்கள் மாவட்டம் செங்கற்பட்டு என்று சொன்னால் சிரிப்பார், ஆனால் அவருடைய கொள்ளுத்தாத்தா கலெக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் பக்கத்தில் சைதாப்பேட்டைக்குத்தான் நடந்து போயிருப்பார், ஏனென்றால் செங்கற்பட்டு மாவட்டத்தின் தலைமையிடம் அப்போது அங்கேதான் இருந்தது.

சென்னை என்கிற நகரமே கிராமங்களைச் சேர்த்துச் சேர்த்து வளர்ந்ததுதான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கடலோரமாக ஒரு துண்டு நிலம் கிடைத்தது, அதில் கோட்டை கட்டினார்கள். 1676-ல் திருவல்லிக்கேணி வந்தது. 1693-ல் எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை மூன்றும் வந்தன. 1708-ல் நுங்கம்பாக்கம், திருவொற்றியூர், வியாசர்பாடி உள்ளிட்ட 5 ஊர்கள். 1749-ல் மயிலாப்பூரும் சாந்தோமும். இவையெல்லாம் கோல்கொண்டா சுல்தானோ, மொகலாய அதிகாரியோ, ஆர்க்காடு நவாபோ எழுதிக் கொடுத்து, அல்லது அரசியல் சூழ்நிலையைப் பார்த்துக் கம்பெனி தானே எடுத்துக்கொண்டு நகரத்துக்குள் வந்தவை. அந்த ஊர்க்காரர்களை யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

மாம்பலம் வந்த விதம் வேறு. 1920-ல் சென்னை மாகாணத்தில் நகரமைப்புச் சட்டம் என்று ஒன்று வந்தது. எந்தத் தெரு எவ்வளவு அகலம், எங்கே பூங்கா, எங்கே கடைவீதி, எங்கே வீட்டு மனை என்று முன்கூட்டியே வரைபடம் போட்டு ஊரை எழுப்புவதற்கான சட்டம். அந்தச் சட்டம் வந்த கையோடு எடுத்துக்கொண்ட பெரிய வேலைகளில் ஒன்று மாம்பலம் திட்டம். 1923-லிருந்து 1925-க்குள் வேலை மும்முரமாக நடந்தது. நடுவில் ஒரு பூங்கா, அதிலிருந்து பல திசைக்கும் ஓடும் அகலச் சாலைகள், குறுக்கே நேரான தெருக்கள். இன்றைக்கும் பனகல் பூங்காவில் நின்று சுற்றிப் பார்த்தால் அந்த வரைபடம் கண்ணுக்குத் தெரியும், மேம்பாலமும் துணிக்கடைகளும் எவ்வளவு மறைத்தாலும்.

புதிதாக எழுந்த பகுதிக்குத் தியாகராய நகர், சுருக்கமாகத் தி.நகர் என்று புதுப் பெயர் வைத்தார்கள். பழைய பெயர் ரயில் நிலையத்திலும், தண்டவாளத்துக்கு மேற்கே இருந்த பகுதியிலும் தங்கிவிட்டது. 1931 மே மாதம் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓட ஆரம்பித்த பிறகு, ஆபீஸ் வேலைக்குப் போகிற குடும்பங்கள் வரிசையாக இங்கே குடியேறின. ஜார்ஜ் டவுனிலும் திருவல்லிக்கேணியிலும் ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தவர்களுக்கு முன்வாசல், பின்வாசல், கிணறு, நாலு தென்னை மரத்தோடு ஒரு தனி வீடு என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

என் பாட்டி கடைசி வரை 'தி.நகர்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. பாண்டி பஜாருக்குப் போனாலும் "மாம்பலத்துக்குப் போய்ட்டு வரேன்" என்றுதான் சொல்வாள், நாங்கள் குடியிருந்ததே மாம்பலம் என்றாலும்.

கே: தியாகராய நகர் என்பது திருவையாறு தியாகராஜ சுவாமிகள் பெயரில் வந்தது என்று என் மாமனார் அடித்துச் சொல்கிறார். சரியா? (கும்பகோணம் வாசகி)

இல்லை அம்மா. நிறையப் பேருக்கு இந்த எண்ணம் இருக்கிறது, அதனால் மாமனாரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். இது பிட்டி தியாகராய செட்டியார் பெயர். நீதிக்கட்சியின் தலைவர், 'வெள்ளுடை வேந்தர்' என்று அழைக்கப்பட்டவர். சென்னை மாநகராட்சியில் ஏறக்குறைய 40 வருடம் உறுப்பினராக இருந்தவர், அதிகாரியாக இல்லாமல் அதன் தலைவரான முதல் மனிதர். 1920-ல் ஆயிரம் விளக்குப் பகுதியில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதியம் சாப்பாடு போட ஏற்பாடு செய்தார். நாம் பின்னால் பெருமையாகப் பேசுகிற மதிய உணவுத் திட்டத்துக்கு அது ஒரு முன்னோடி. அந்த வருடத் தேர்தலில் அவர் கட்சி ஜெயித்தும் முதலமைச்சர் பதவி வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தார். 1925 ஏப்ரலில் காலமானார். புது நகர் உருவாகி முடிகிற நேரம் அது, அவர் பெயரே நகருக்கு வந்தது.

தி.நகரின் தெருப் பெயர்களைப் படித்தாலே அந்தக் காலத்து நீதிக்கட்சியின் வரலாறு கிடைத்துவிடும். பனகல் பூங்கா, 1921-லிருந்து 1926 வரை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த பனகல் அரசர் பெயரில். டாக்டர் நாயர் சாலை, கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான டி.எம்.நாயர் பெயரில். நடேசன் பூங்கா, டாக்டர் நடேச முதலியார் பெயரில். படிப்பதற்காகச் சென்னை வந்த பிராமணரல்லாத மாணவர்களுக்குத் தங்க இடமில்லாமல் இருந்தபோது திருவல்லிக்கேணியில் விடுதி நடத்தியவர் அவர். உஸ்மான் சாலை, 1934-ல் சில மாதம் மாகாணத்தின் தற்காலிக ஆளுநராக இருந்த முகமது உஸ்மான் பெயரில். பாண்டி பஜார் என்று நாம் சொல்வதன் முழுப் பெயர் சௌந்தரபாண்டியனார் அங்காடி, அது டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார் பெயரில். பாண்டிச்சேரியிலிருந்து வந்த வியாபாரிகளால் அந்தப் பெயர் வந்தது என்றும் சிலர் சொல்வார்கள், நான் அங்காடிப் பெயரையே எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இத்தனை தலைவர்களின் பெயர் இருக்கிறது, எல்லாரும் அதற்குத் தகுதியானவர்கள். ஆனால் அந்த மண்ணில் ஏர் ஓட்டியவர்கள், நிலத்தை விட்டுக்கொடுத்துவிட்டுப் போனவர்கள், அவர்களில் ஒருவர் பெயர்கூட ஒரு சந்துக்கும் இல்லை. எனக்கு இது ரொம்ப நாளாக உறுத்துகிறது.

கே: மாம்பழம் விளைந்ததால் மாம்பலமா? (சேலம் வாசகர்)

சேலத்துக்காரர் மாம்பழத்தைப் பற்றிக் கேட்பது நியாயம்தான். மகா வில்வ க்ஷேத்திரம், அதாவது வில்வ மரங்கள் நிறைந்த தலம், அது மருவி மாம்பலம் ஆயிற்று என்று எங்கள் ஊர்க் கோயில்களில் சொல்வார்கள். மா அம்பலம், பெரிய அம்பலம் என்று பிரித்துச் சொல்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது, ஏனென்றால் அம்பலம் என்பது ஊர் கூடுகிற பொதுவிடத்துக்கு நம் பழைய சொல். ஒரு ஊருக்கு அந்தப் பெயர் வர வடமொழி வழியாகச் சுற்றிக்கொண்டு வரவேண்டிய அவசியம் இல்லை. மாம்பழக் கதை, பெயரின் ஒலியைக் கேட்டுப் பின்னால் வந்தது.

கே: தி.நகர் ஏரியின் மேல் கட்டப்பட்டது என்று ஒவ்வொரு மழைக்கும் செய்தியில் சொல்கிறார்கள். உண்மையிலேயே ஏரி இருந்ததா? எவ்வளவு பெரியது? (கோடம்பாக்கம், வேளச்சேரி, மதுரை என மூன்று வாசகர்கள்)

இருந்தது. சின்ன ஏரி இல்லை. நுங்கம்பாக்கம் ஏரியும் மயிலாப்பூர் ஏரியும் ஒன்றோடொன்று சேர்ந்து, லயோலா கல்லூரி இருக்கிற பக்கத்திலிருந்து ஆரம்பித்து, இன்றைய வள்ளுவர் கோட்டம், தி.நகர், நந்தனம் என்று வில் மாதிரி வளைந்து, சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குப் பக்கம் வரை ஏறக்குறைய 6 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடந்தது. வெள்ளைக்காரர்கள் அதற்கு 'லாங் டேங்க்' என்று பெயர் வைத்தார்கள், நெடிய ஏரி. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் மெட்ராஸ் போட் கிளப்காரர்கள் அதில் படகுப் போட்டி நடத்தினார்கள் என்றால் தண்ணீர் எவ்வளவு இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பட்டணத்துக்கு மேற்கு எல்லையே அந்த ஏரிதான். கிழக்கே மவுண்ட் ரோடு, நடுவில் ஏரி, மேற்கே மாம்பலம். ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்ததால்தான் மாம்பலம் அவ்வளவு காலம் கிராமமாகவே இருக்க முடிந்தது என்று நான் நினைக்கிறேன். எழும்பூரையும் நுங்கம்பாக்கத்தையும் சேர்த்துக்கொண்ட நகரம் அந்தத் தண்ணீரைத் தாண்டி வர 1923 வரை ஆயிற்று.

ஏரி எப்படிப் போயிற்று என்பதற்கு, ஏரி எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். கிராமத்தில் இருந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மேட்டுப் பக்கம் விழுகிற மழை தாழ்வான இடத்துக்கு வந்து தேங்கும், தாழ்வான பக்கம் கரை போட்டு நிறுத்துவார்கள். கரையில் மதகு இருக்கும், அதைத் திறந்தால் கீழே இருக்கிற வயலுக்குத் தண்ணீர் போகும், அந்த வயல்களுக்கு ஆயக்கட்டு என்று பெயர். அளவுக்கு மேல் வந்தால் கலங்கல் வழியாக வழிந்து போக்குக்கால்வாயில் இறங்கி ஆற்றுக்கோ அடுத்த ஏரிக்கோ போய்விடும். செங்கற்பட்டுச் சீமை முழுக்க இப்படிச் சங்கிலி மாதிரி ஏரிகள்தான். இதில் ஆயக்கட்டுக்காரன் இருக்கிற வரைக்கும் ஏரிக்கு ஆள் உண்டு. கரை உடைந்தால் அவன் ஓடி வருவான், மண் சேர்ந்தால் தூர் வாருவான். ஆயக்கட்டு பங்களாவும் தோட்டமுமாக மாறிவிட்டால் மதகைத் திறக்க ஆள் வேண்டியதில்லை, அப்புறம் ஏரி பயன் இல்லாத தண்ணீர்த் தேக்கமாகத் தெரியும், பிறகு கொசு வருகிற இடமாகத் தெரியும், பிறகு காலி மனையாகத் தெரியும். நகரத்தை ஒட்டிய ஏரிகள் பலவற்றுக்கும் நடந்தது இதுதான்.

முதல் உலகப்போருக்குப் பிறகு சென்னையில் வீடு கிடைப்பது கஷ்டமாக இருந்தது. ஏரியை வடியவிட்டால் நகரத்துக்குப் பக்கத்திலேயே பெரிய நிலப்பரப்பு கிடைக்கும். வடியவிட்டார்கள். அந்தக் காலத்து ஆட்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு விருப்பமில்லை, அவர்கள் ஜனங்களுக்கு வீடு கட்டத்தான் அதைச் செய்தார்கள், நல்ல அகலமான தெருவும் பூங்காவும் வைத்தே கட்டினார்கள். ஆனால் அதற்குப் பின்னால் வந்தவர்கள் மீது எனக்குக் கோபம் இருக்கிறது, ஏனென்றால் நுங்கம்பாக்கம் பக்கம் மிச்சம் இருந்த ஏரிப் பகுதியும் அடுத்த 50 வருடத்தில் போய்விட்டது. 1976-ல் திறந்த வள்ளுவர் கோட்டம் நிற்பதும் ஏரி நிலத்தில்தான். திருவள்ளுவருக்குக் கல்தேர் எழுப்பியது பெருமையான காரியம். "நீர்இன்று அமையாது உலகு" என்று பாடியவருக்கு வேறு இடம் பார்த்திருக்கலாம் என்று ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கம் போகும்போது எனக்குத் தோன்றும்.

ஏரி போனாலும் பெயர் சில இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் 'லேக் ஏரியா' என்று ஒரு குடியிருப்பே இருக்கிறது. 'டேங்க் பண்ட் ரோடு' என்றால் ஏரிக்கரைச் சாலை. தினமும் அந்தச் சாலையில் போகிறவர்கள் கரையின் மேல்தான் போகிறோம் என்று தெரிந்துகொண்டால் நன்றாக இருக்கும்.

மாம்பலம் கால்வாய் பற்றியும் சொல்ல வேண்டும். நுங்கம்பாக்கம், வள்ளுவர் கோட்டம் பக்கத்து மழைநீரை எடுத்துக்கொண்டு தி.நகர் வழியாக நந்தனம் வந்து அடையாற்றில் சேர்கிற வாய்க்கால் அது. வரைபடத்தில் பழைய ஏரியையும் இந்தக் கால்வாயையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்துப் பாருங்கள், ஏரி கிடந்த பள்ளத்திலேயே கால்வாய் ஓடுவது தெரியும். 6 கிலோமீட்டர் ஏரி தாங்கிய தண்ணீரை இப்போது இந்த ஒரு வாய்க்கால் தாங்க வேண்டும். 2021 நவம்பரில் தி.நகர் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றதே, ஜி.என்.செட்டி சாலை ஆறு மாதிரி ஆனதே, அப்போது இந்தக் கால்வாயில் கட்டுமான இடிபாடுகள் அடைத்துக்கொண்டிருந்தது பெரிய விவகாரம் ஆயிற்று. எங்கள் உறவினர் வீட்டில் அந்த வாரம் முழங்கால் அளவு தண்ணீர். மாடியில் உட்கார்ந்துகொண்டு, "ஏரி வந்து பார்த்துட்டுப் போகுது" என்றார் அந்த வீட்டுப் பெரியவர். 80 வயதுக்காரர், சின்ன வயதில் ஏரிக்கதையை அவர் அப்பா சொல்லிக் கேட்டவர்.

கே: ரயில் பாதைக்குக் கிழக்கே தி.நகர் இவ்வளவு பணக்காரப் பகுதி, மேற்கே மேற்கு மாம்பலம் வேறு மாதிரி. ஒரே கிராமம் என்றால் ஏன் இந்த வித்தியாசம்? (மேற்கு மாம்பலம் வாசகி)

நம்ம ஊர்க்காரர்! திட்டம் போட்டது கிழக்குப் பக்கத்துக்கு, அதனால் அகலச் சாலை, பூங்கா, பெரிய மனை எல்லாம் அங்கே போயின. மேற்குப் பக்கம் பழைய கிராமத்தின் சந்துகளும் கோயில்களுமாக, தானாக வளர்ந்தது. நடுவில் தண்டவாளம் சுவர் மாதிரி நின்றது. துரைசாமி சுரங்கப்பாதை வழியாக மழைக்காலத்தில் அந்தப் பக்கம் போய் வந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அப்புறம் கொசு. மேற்கு மாம்பலம் தாழ்வான இடம், சாக்கடை ஓட்டம் இல்லாமல் தண்ணீர் தேங்கும், அந்தத் தேங்கிய அழுக்குத் தண்ணீரில் பெருகுகிற கொசுதான் யானைக்கால் நோயைப் பரப்புகிறது. ஒரு காலத்தில் மாம்பலம் என்றாலே யானைக்கால் என்று பெயர். மாம்பலத்தில் பெண் கொடுக்க யோசிப்பார்கள் என்று எங்கள் வீட்டில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ராத்திரி வீடு வீடாக வந்து பரிசோதனைக்கு விரலில் ரத்தம் எடுத்துக்கொண்டு போனதும், கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டுத் தலை சுற்றிப் படுத்ததும் எனக்கே நினைவிருக்கிறது. ராத்திரியில் ஏன் வந்தார்கள் என்றால் அந்தக் கிருமி ராத்திரியில்தான் வெளி ரத்தத்துக்கு வரும்.

இவ்வளவு இருந்தும் ஜனங்கள் மேற்கு மாம்பலத்தை விடவில்லை, ஏனென்றால் வாடகை கட்டுப்படியாகும், ரயில் பக்கத்தில் இருக்கும், காய்கறி மலிவு, கோயில் நடக்கிற தூரம். 2023-ல் ரயில் நிலையத்திலிருந்து தி.நகர் பஸ் நிலையம் வரை ஆகாய நடைபாதை திறந்தார்களே, அதில் நடக்கும்போது எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. ரயிலையும் பஸ்ஸையும், மாம்பலத்தையும் தி.நகரையும், இத்தனை வருடம் கழித்து ஒரு பாலம் சேர்த்து வைத்திருக்கிறது.

கே: எங்கள் பிளாட் பத்திரத்தில் 'கிராமம்' என்று ஒரு வரி இருக்கிறது. சென்னை நடுவில் வீடு வாங்கிவிட்டுக் கிராமம் என்று எழுதியிருப்பதால் பாங்க்கில் கடன் தரும்போது பிரச்சனை வருமா? (பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகர்)

வராது, பயப்பட வேண்டாம். இதை எல்லாரும் தெரிந்துகொள்வது நல்லது, அதனால் விளக்கமாகச் சொல்கிறேன்.

நம் நாட்டில் கிராமம் என்ற சொல்லுக்கு அரசாங்கக் காகிதத்தில் இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று கிராம ஊராட்சி. அதற்குத் தலைவர், வார்டு உறுப்பினர், கிராம சபை எல்லாம் உண்டு. இன்னொன்று வருவாய் கிராமம். அது நில அளவைக்காகவும் வரிக்காகவும் ஏற்பட்டது, சர்வே எண்கள் அதன் கீழேதான் வரும். ஒரு ஊர் மாநகராட்சியோடு சேரும்போது முதல் கிராமம் மறைந்துவிடும். இரண்டாவது மறையாது. நிலத்துக்கு ஒரு விலாசம் வேண்டுமே! அதனால்தான் சென்னை நடுவில் இருக்கிற நுங்கம்பாக்கம் நிலத்துக்கும் 'நுங்கம்பாக்கம் கிராமம்' என்று பத்திரத்தில் எழுதுகிறார்கள்.

தாலுகாப் பெயர்களைக் கவனித்தீர்களா? சென்னை மாவட்டத்தில் ரொம்ப காலம் 5 தாலுகாக்கள்தான் இருந்தன: கோட்டை–தண்டையார்பேட்டை, புரசைவாக்கம்–பெரம்பூர், எழும்பூர்–நுங்கம்பாக்கம், மயிலாப்பூர்–திருவல்லிக்கேணி, மாம்பலம்–கிண்டி. கோட்டையைத் தவிர மற்ற 9 பெயரும் பழைய கிராமங்களின் பெயர். ரெவின்யூக்காரர்களுக்குத் தி.நகர் பகுதி மாம்பலம் தாலுகாதான். இந்த ஒரு விஷயத்துக்காகவே அந்த இலாகாவை எனக்குப் பிடிக்கும்.

கோடம்பாக்கத்தில் வீடு வாங்குகிறவர்கள் பத்திரத்தில் 'புலியூர் கிராமம்' என்று பார்த்துவிட்டு, இது எந்த ஊர், ஏமாற்றிவிட்டார்களா என்று பதறுவதுண்டு. சோழர் காலத்தில் தொண்டைமண்டலத்தை 24 கோட்டங்களாகப் பிரித்திருந்தார்கள், அதில் ஒன்று புலியூர்க் கோட்டம். எழும்பூர் உட்பட இன்றைய சென்னையின் பல ஊர்கள் அதற்குள் வந்தன. அந்தக் கோட்டத்துக்குப் பெயர் கொடுத்த புலியூர் இதுதான் என்று சொல்வார்கள். ஆயிரம் வருடப் பெயர் உங்கள் வீட்டுப் பத்திரத்தில் இருக்கிறது, சந்தோஷப்படுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாம் காட்டும் சான்று) போடும்போது நீங்கள் கூப்பிடுகிற பேட்டைப் பெயரில் தேடாதீர்கள். தாய்ப்பத்திரத்தில் எந்தக் கிராமம், எந்த சர்வே எண், எந்த பிளாக் என்று இருக்கிறதோ அதில் தேடுங்கள். பழைய சர்வே எண் டவுன் சர்வே எண்ணாக மாறியிருந்தால் இரண்டிலும் தேடுங்கள். கிராமப் பெயரை மாற்றிப் போட்டுத் தேடிவிட்டு, வில்லங்கம் எதுவும் இல்லை என்று நம்பி முன்பணம் கொடுத்தவரை எனக்குத் தெரியும்.

கே: எங்கள் ஊராட்சியைப் பக்கத்து மாநகராட்சியோடு சேர்க்கப்போவதாகப் பேச்சு. மாம்பலத்துக்கு நடந்தது எங்கள் ஊருக்கும் நடக்குமா? நாங்கள் என்ன செய்யலாம்? (பெயரும் ஊரும் வேண்டாம் என்று எழுதிய வாசகி)

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். சேர்வது நல்லதா கெட்டதா என்று ஒரே வார்த்தையில் என்னால் சொல்ல முடியாது. 2011-ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது 9 நகராட்சி, 8 பேரூராட்சி, 25 ஊராட்சி என்று 42 உள்ளாட்சிகள் ஒரே நாளில் இல்லாமல் போயின. சில இடத்தில் நல்ல சாலையும் குடிநீரும் வந்தன, சில இடத்தில் பாதாளச் சாக்கடைக்காக வருடக்கணக்கில் காத்திருந்தார்கள், வரி மட்டும் சீக்கிரம் வந்தது.

நீங்கள் நிச்சயமாக இழக்கப்போவது இரண்டு. கிராமப்புறத்துக்கான வேலைத் திட்டம் நகரத்தில் கிடையாது, அதனால் நூறு நாள் வேலையை நம்பியிருக்கிற பெண்களுக்கு அது நிற்கும். கிராம சபையும் போகும். எல்லாரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து, கணக்கைக் கேட்டு, தீர்மானம் போட்டுப் புத்தகத்தில் எழுதுகிற உரிமை அது. நகரத்தில் வார்டு குழுவும் பகுதி சபையும் உண்டு, ஆனால் முழு ஊரும் ஒன்றாக உட்காருவது அதில் இல்லை.

அதனால் கிராம சபை இருக்கும்போதே அதைப் பயன்படுத்துங்கள். அடுத்த கூட்டத்தில் உங்கள் ஊர் ஏரி, குளம், ஓடை, மேய்ச்சல் நிலம், சுடுகாடு, களம் எல்லாவற்றையும் சர்வே எண்ணோடு பட்டியல் போட்டு, இவை ஊரின் பொது நிலம், வேறு எதற்கும் மாற்றக் கூடாது என்று தீர்மானம் நிறைவேற்றி நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தீர்மானம் எல்லாவற்றையும் காப்பாற்றிவிடும் என்று நான் சொல்லவில்லை, ஆனால் நாளைக்கு யாராவது நீதிமன்றம் போனால் கையில் ஒரு காகிதம் இருக்கும். வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) அலுவலகத்தில் 'அ' பதிவேட்டையும் கிராம வரைபடத்தையும் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். எந்த எண் நத்தம் (குடியிருப்பு நிலம்), எது ஏரிப் புறம்போக்கு, எது வாய்க்கால் என்று அதில் இருக்கும். பழைய செட்டில்மெண்ட் பதிவேடு வேண்டுமென்றால் எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது, ஒரு நாள் செலவழித்துப் போய்த் தேடுங்கள்.

தெருப் பெயர்களையும் எழுதுங்கள். இணைந்த பிறகு நம்பர் போட்ட தெருவாகவோ புது நகர்களாகவோ மாறும்போது முதலில் போவது பேச்சு வழக்கில் இருக்கிற பெயர்கள்தான்: மேட்டுத் தெரு, வண்ணான் துறை, பெரிய மதகு, ஐயனார் தோப்பு மாதிரியானவை. மாம்பலத்தில் அவற்றை யாராவது 1923-ல் உட்கார்ந்து எழுதியிருந்தால் இன்றைக்கு நான் இந்தப் பதில்களில் தலைவர்கள் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

ஊரில் வயதானவர்கள், முக்கியமாக நீர்ப்பாய்ச்சியாக, அதாவது ஏரித் தண்ணீரை வயல்களுக்குத் திறந்துவிடுகிற வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் அவரை ஏரிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். மதகு எத்தனை, கலங்கல் எந்தப் பக்கம், அது வழிந்தால் தண்ணீர் எந்த வழியாக எந்த ஊருக்குப் போகும் என்று கேட்டுக் கேட்டு, போனில் பதிவு செய்துகொண்டே நடங்கள். பிறகு ஒரு தாளில் கையாலேயே படம் வரைந்து, அவரிடம் காட்டித் திருத்தி வாங்குங்கள். வரைந்ததும் எனக்கு ஒரு படி அனுப்புங்கள், ஊர்ப் பெயர் போடாமலேயே இந்தப் பக்கத்தில் வெளியிடுகிறேன்.